ஃபார்மட் அடிக்கணுமா, அப்டேட் போதுமா? உங்கள் லேப்டாப்புக்கு எது சரி?

விண்டோஸ் 10-க்குக் கொடுக்கப்பட்ட கூடுதல் அவகாசம் 2026 அக்டோபர் 13-ம் தேதியோடு முடிகிறது. அதற்குள் நீங்கள் எடுக்க வேண்டிய ஒரு முடிவு இருக்கிறது!

போனில் அப்டேட் வந்தால் என்ன செய்வோம்? இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம். காலையில் எழுந்து பார்த்தால் புது வெர்ஷன் ரெடி. வாட்ஸ்அப், கேலரி எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். ஆனால், அதே வேலையை லேப்டாப்பில் செய்யச் சொன்னால் மட்டும் நமக்குக் கை நடுங்குகிறது. 'எல்லாம் போயிடுமோ' என்ற பயம் ஒரு பக்கம். 'ஸ்லோவா இருக்குல்ல, பேசாம ஃபார்மட் அடிச்சிடு மச்சி' என்று சொல்லும் நண்பர் இன்னொரு பக்கம். நடுவில் மாட்டிக்கொண்டு, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அந்த அறிவிப்பை மூடிவிடுகிறோம்.

இனி அப்படித் தள்ளிப்போட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

என்னதான் நடந்தது?

2015 ஜூலை 29-ல் வெளியான விண்டோஸ் 10-க்கான ஆதரவை, 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது மைக்ரோசாஃப்ட். இதன் அர்த்தம், உங்கள் லேப்டாப் மறுநாள் காலையில் ஆன் ஆகாது என்பதல்ல. அது வழக்கம்போல ஓடும். ஆனால், புதிதாக ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யாரும் வர மாட்டார்கள். வீடு அதே வீடுதான், பூட்டு ரிப்பேர் ஆனால் சரிசெய்ய ஆள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

'என் லேப்டாப்பை யார் ஹேக் பண்ணப்போறாங்க?' என்று கேட்கலாம். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னாக்ரை தாக்குதலை நினைத்துப் பாருங்கள். அது ஆள் பார்த்து அடிக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, அதாவது மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாமல் விட்ட கம்ப்யூட்டர்களைத் தேடித் தேடிப் பரவியது அந்த வைரஸ். பிரிட்டன் அரசு மருத்துவமனைகள்கூடத் தப்பவில்லை. அப்டேட் இல்லாத கம்ப்யூட்டர் என்பது யாருடையது என்று வைரஸுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

உடனே மாற முடியாத தனிநபர்களுக்காகக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்ற திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் லாக்-இன் செய்து, உங்கள் செட்டிங்ஸை க்ளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் இது இலவசம். இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் பாயின்ட் அல்லது 30 டாலர். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இதற்கான பட்டன் இருக்கும். ஆனால், இந்தச் சலுகையும் 2026 அக்டோபர் 13 வரைதான். புதுவசதி எதுவும் வராது, பாதுகாப்பு அப்டேட் மட்டுமே வரும். இது நிரந்தரத் தீர்வு கிடையாது. யோசிக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

முதலில், உங்கள் லேப்டாப் தேறுமா?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி ரேம், 64 ஜி.பி ஸ்டோரேஜ், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், செக்யூர் பூட் வசதி, பட்டியலில் உள்ள ப்ராசஸர் ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறையிலிருந்து மேலே. மைக்ரோசாஃப்ட்டின் 'பி.சி ஹெல்த் செக்' ஆப்பை இறக்கி ஓட்டினால் தேறுமா தேறாதா என்று சில நொடிகளில் சொல்லிவிடும்.

'தேறாது' என்று வந்தால் உடனே மனசை விட்டுவிடாதீர்கள். சில லேப்டாப்புகளில் டி.பி.எம் இருக்கும், ஆனால் பயாஸில் ஆஃப் செய்யப்பட்டிருக்கும். ஆன் செய்தாலே போதும். ப்ராசஸரே பழையது என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

தேறிவிட்டது என்றால், அடுத்த கேள்விதான் இந்தக் கட்டுரையே. இருப்பதன் மேலேயே அப்கிரேடு செய்வதா, அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதா?

இரண்டுக்கும் உள்ளே நடப்பது என்ன?

அப்கிரேடு என்பது, குடியிருக்கும்போதே வீட்டுக்கு மராமத்து பார்ப்பதுபோல. பழைய விண்டோஸை 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு, புதியதை அதன் இடத்தில் வைக்கிறது இன்ஸ்டாலர். பிறகு உங்கள் ஃபைல்கள், சாஃப்ட்வேர்கள், செட்டிங்ஸ், டிரைவர்களை ஒவ்வொன்றாகப் புதிய வீட்டுக்குள் எடுத்துவைக்கிறது. பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பிவிடலாம். அதற்கு மேல் போனால் அந்தப் பழைய ஃபோல்டரை விண்டோஸே அழித்துவிடும்.

க்ளீன் இன்ஸ்டால், அதாவது நம் ஊர் பாஷையில் 'ஃபார்மட் அடிப்பது', வீட்டை மொத்தமாகக் காலி செய்துவிட்டுக் குடியேறுவது. சி டிரைவை அழித்து, பென்டிரைவிலிருந்து புது விண்டோஸைப் போடுவார்கள். தூசி துரும்பு எதுவும் மிஞ்சாது. உங்கள் சாமான்களும் மிஞ்சாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் உள்ள 'ரீசெட் திஸ் பி.சி'. இதில் உங்கள் ஃபைல்களை வைத்துக்கொண்டு, போட்ட சாஃப்ட்வேர்களை மட்டும் அழிக்கச் சொல்லலாம். பென்டிரைவ் தேவையில்லை. ஆனால், இது இருக்கிற விண்டோஸையே திரும்பப் போடும். 10-ஐ 11 ஆக்காது. பலர் இங்குதான் குழம்புகிறார்கள்.

'ஃபார்மட் அடிச்சா ஸ்பீடு ஆகிடும்' - உண்மையா?

பாதி உண்மை. பல வருடங்களாகச் சேர்ந்த ஸ்டார்ட்-அப் ஆப்கள், இரண்டு மூன்று ஆன்டிவைரஸ்கள், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத டூல்பார்கள்... இவையெல்லாம் ஒரே நாளில் காணாமல்போனால் வேகம் கூடத்தான் செய்யும். ஆனால், அந்த வேகம் அந்தக் குப்பை திரும்பச் சேரும்வரைதான். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்-அப் பகுதிக்குப் போய் தேவையில்லாததை ஆஃப் செய்தாலே, ஃபார்மட் இல்லாமல் அந்த வேகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

உண்மையான வில்லன் வேறு. உங்கள் லேப்டாப்பில் இன்னும் சுற்றும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால், எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அது ஓடும் வேகத்தில்தான் ஓடும். எஸ்.எஸ்.டி-க்கு மாற்றிப் பாருங்கள். அதுதான் கண்ணுக்குத் தெரியும் மாற்றம். ஏ.ஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து மெமரி விலை ஏறுமுகத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும், அடிக்கடி ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்தால் அது வீண்செலவாகத் தெரியாது.

அப்போ அப்கிரேடுதான் சேஃபா?

அதுவும் முழு உண்மையில்லை. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10-ன் 1809 அப்டேட்டை எடுத்துக்கொள்வோம். அது வெறும் அப்டேட்தான், யாரும் எதையும் ஃபார்மட் அடிக்கவில்லை. ஆனால், டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலரின் ஃபைல்களை அது அழித்துவிட்டது. புகார்கள் குவிய, சில நாள்களிலேயே விநியோகத்தை நிறுத்திவைத்த மைக்ரோசாஃப்ட், பிழையைச் சரிசெய்து நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. 'அப்டேட்தானே, ஒண்ணும் ஆகாது' என்று பேக்-அப் எடுக்காமல் விட்டவர்கள்தான் அன்று மாட்டினார்கள்.

ஆக, எந்த வழியில் போனாலும் பேக்-அப் எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில் மட்டும் விதிவிலக்கு கிடையாது.

யாருக்கு எது?

லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, தினமும் பயன்படுத்தும் சாஃப்ட்வேர்களைத் திரும்பப் போட நேரமோ, லைசென்ஸ் கீயோ இல்லை என்றால் அப்கிரேடு செய்யுங்கள். சி டிரைவில் 30 ஜி.பி-யாவது காலியாக வைத்துக்கொண்டு தொடங்கினால் நிம்மதி. ஒரு சின்ன விஷயம்: இன்ஸ்டாலர் ஃபைலை நீங்களே இறக்கி அப்கிரேடு செய்வதாக இருந்தால், இப்போது இருக்கும் விண்டோஸின் மொழி என்ன என்று பாருங்கள். அமெரிக்க ஆங்கிலமும் இன்டர்நேஷனல் ஆங்கிலமும் விண்டோஸுக்கு வேறு வேறு மொழிகள். மாற்றி இறக்கினால் 'ஆப்களை வைத்துக்கொள்' என்ற ஆப்ஷனே வேலை செய்யாது.

அடிக்கடி நீலத் திரை வருகிறது, வைரஸ் புகுந்த சந்தேகம் இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அல்லது யாரோ கிராக் செய்து போட்ட விண்டோஸ் ஓடுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், க்ளீன் இன்ஸ்டால்தான். வைரஸ் இருக்கும் வீட்டுக்கு மராமத்து பார்த்தால், வைரஸும் சேர்ந்தே புது வீட்டுக்குக் குடிவரும். புது எஸ்.எஸ்.டி போடும்போதும் இதுவே சரியான நேரம்.

சிலருக்குத் தேர்வே கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் நேரடியாக அப்கிரேடு செய்ய முடியாது, ஏனெனில் விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. இன்னும் விண்டோஸ் 7-ல் இருப்பவர்களுக்கும் ஆப்களை வைத்துக்கொண்டு 11-க்குத் தாவும் வழி இல்லை. புதிதாகத்தான் போட வேண்டும்.

அழிப்பதற்கு முன், இந்தப் பட்டியலைப் பாருங்கள்

'முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு' என்பது நம் ஊரின் தேசிய நம்பிக்கை. அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் மூன்றுமே சி டிரைவில்தான் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் 2' என்று கிடக்கிறதே, அதில்தான் உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும். இரண்டு, சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். இன்ஸ்டால் செய்யும்போது பார்ட்டிஷன் பட்டியலில் பெயர்கூட இல்லாமல் எண்களாக வரும். ஒன்றை மாற்றி 'டெலிட்' அழுத்தினால், டி டிரைவும் போச்சு. அதனால், பேக்-அப் என்பது அந்த லேப்டாப்புக்கு வெளியே இருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க், பென்டிரைவ், கூகுள் டிரைவ்... எதுவானாலும் சரி. எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரிலோ, போனிலோ ஒருமுறை திறந்து பார்த்தபிறகுதான் அது பேக்-அப்.

அடுத்தது, தமிழில் வேலைசெய்பவர்கள் பலரும் மறப்பது - ஃபான்ட். அப்பாவின் பழைய கடிதங்கள், அச்சகத்துக்குக் கொடுத்த கல்யாணப் பத்திரிகை, உங்கள் எம்.ஃபில் ஆய்வேடு இவையெல்லாம் யூனிகோடில் இல்லாமல் பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்டுகளில் அடிக்கப்பட்டிருக்கலாம். ஃபார்மட் அடித்தால் ஃபான்ட்டும் போய்விடும். ஃபைல் பத்திரமாக இருக்கும், ஆனால் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகக் கலந்து ஒன்றும் புரியாது. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுத்துவையுங்கள். என்.ஹெச்.எம் ரைட்டர், அழகி என்று எதில் டைப் செய்கிறீர்களோ, அதையும் எந்தக் கீபோர்டு முறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கடைக் கணக்கும் அதே லேப்டாப்பில்தான் ஓடுகிறதா? டேலியின் டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று உள்ளே போய்ப் பாருங்கள். பல இடங்களில் அது சி டிரைவில்தான் இருக்கும். அழிப்பதற்கு முன் டேலி லைசென்ஸை 'சரண்டர்' செய்யவும் வேண்டும். ஜி.எஸ்.டி தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில் இதையெல்லாம் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் உங்கள் கூகுள் அக்கவுன்டுடன் சிங்க் ஆகிறதா என்று பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ரெக்கவரி கோடுகளை லேப்டாப்பிலேயே நோட்பேடில் வைத்திருந்தால், முதல் வேலையாக அதை வெளியே எடுங்கள். பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியை வைப்பது என்பது இதுதான்.

விண்டோஸ் கீயைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரிஜினல் விண்டோஸ் 10 ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தால், அதன் டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் ஹார்டுவேருடன் இணைந்திருக்கும். அதே எடிஷனைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோம் இருந்த இடத்தில் 'ப்ரோ போட்டுத் தர்றேன்' என்று யாராவது சொன்னால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்ஸ்டால் பண்ணும்போது எங்கே மாட்டுவீர்கள்?

மூன்று இடங்கள். முதலாவது, டிஸ்க்கே காட்டாமல் பட்டியல் வெறுமையாக வருவது. 11-ம் தலைமுறை இன்டெல் முதலான பல லேப்டாப்புகளில் ஸ்டோரேஜ் டிரைவரைத் தனியாகக் கொடுத்தால்தான் டிஸ்க் தெரியும். எஸ்.எஸ்.டி செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் அந்த டிரைவரை முன்கூட்டியே இறக்கி அதே பென்டிரைவில் வையுங்கள்.

இரண்டாவது, இன்ஸ்டால் பாதியில் இன்டர்நெட் கேட்கும், ஆனால் வைஃபை டிரைவர் இருக்காது. இன்டர்நெட் இல்லாமல் டிரைவரை இறக்க முடியாது, டிரைவர் இல்லாமல் இன்டர்நெட் வராது. இங்கே கைகொடுப்பது உங்கள் போன்தான். யு.எஸ்.பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் பகுதியில் உள்ள யு.எஸ்.பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் சைலன்ட் கில்லர். விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 வெர்ஷனிலிருந்து, புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் லாக்-இன் செய்தால், பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. திருட்டிலிருந்து பாதுகாப்பு என்ற வகையில் நல்லதுதான். ஆனால், பின்னாளில் மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அந்தக் கீ, லாக்-இன் செய்த அக்கவுன்டில் இருக்கும். அந்த அக்கவுன்ட் உங்களுடையதாக இல்லாமல், போட்டுக்கொடுத்தவர் அவசரத்துக்கு உருவாக்கியதாக இருந்தால்? உங்கள் போட்டோக்களுக்கான சாவி வேறொருவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் லாக்-இன் செய்யும் இடத்தில் உங்கள் மெயில் ஐ.டி-யை நீங்களே அடியுங்கள். கீயை ஒரு பேப்பரில் எழுதியும் வையுங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். 'மைக்ரோசாஃப்ட் சைட்ல இறக்குன விண்டோஸா அண்ணா?', 'ஆக்டிவேட்டர் எதுவும் போட மாட்டீங்கல்ல?', 'டி டிரைவைத் தொடாம போடுவீங்களா?' முதல் இரண்டுக்கும் நேரான பதில் வரவில்லை என்றால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கிராக் விண்டோஸோடு சேர்ந்து என்ன வருகிறது என்பது, போட்டுக்கொடுப்பவருக்கே தெரியாது. அதே லேப்டாப்பில்தான் நீங்கள் நெட்பேங்கிங் திறக்கப்போகிறீர்கள்.

ஒருவேளை தவறி அழிந்துவிட்டால், அந்த நொடியே லேப்டாப்பை ஆஃப் செய்துவிடுங்கள். அதன்மேல் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது. ஹார்டு டிஸ்க் என்றால் மீட்க வாய்ப்பு இருக்கிறது. எஸ்.எஸ்.டி-யில் அழித்த இடத்தை அதுவே உள்ளுக்குள் துடைத்துவிடும் என்பதால் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

தேறாத லேப்டாப்பை என்ன செய்வது?

தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011-ல். வீட்டின் முதல் கம்ப்யூட்டராக வந்த அந்த ஆரம்பகால லேப்டாப்புகளில் சில இன்னும் தம்பி, தங்கைகள் கையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை விண்டோஸ் 11-க்குத் தேறாது. இன்ஸ்டாலரை ஏமாற்றிப் போடும் வழிகள் யூடியூபில் கொட்டிக்கிடக்கின்றன. ஆனால், அப்படிப் போட்ட கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் கிடைப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவும்?

ஓடுகிற மெஷினைக் குப்பை என்று ஒரு தேதி முடிவு செய்வது நியாயமா என்ற கேள்வி உலகம் முழுக்கவே எழுந்தது. ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் உள்ளவர்களுக்கு மட்டும், நுகர்வோர் அமைப்புகளின் அழுத்தத்துக்குப் பிறகு கூடுதல் அவகாசத்தின் நிபந்தனைகளைத் தளர்த்தியது மைக்ரோசாஃப்ட். நமக்கு அந்தத் தளர்வு இல்லை. மேக் பக்கமும் இதே கதைதான். இன்டெல் மேக்புக்குகளுக்கு மேக் ஓ.எஸ் 26 டஹோதான் கடைசிப் பெரிய வெர்ஷன் என்று ஆப்பிள் 2025-ல் அறிவித்துவிட்டது.

பழைய மெஷினுக்கு மீதமிருக்கும் நல்ல வழி லினக்ஸ். பிரவுசர், யூடியூப், ஆன்லைன் வகுப்பு, லிப்ரே ஆபீஸ் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போன்றவை தாராளம். தமிழ் யூனிகோடில் டைப் செய்யவும் முடியும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, வைஃபை, சவுண்ட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். டேலி, போட்டோஷாப் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் அக்டோபருக்குள் வேறு மெஷினுக்குப் பட்ஜெட் போடுவதே நல்லது.

இந்த வார இறுதியில் ஒன்று மட்டும் செய்யுங்கள்

அப்கிரேடா, க்ளீன் இன்ஸ்டாலா என்பதை அடுத்த வாரம்கூட முடிவு செய்துகொள்ளலாம். விண்டோஸைத் திரும்ப எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கிறது. தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் வீடியோவை எந்தத் தளத்திலும் இறக்க முடியாது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் அந்த 'நியூ ஃபோல்டர் 2'-விலிருந்து ஆரம்பியுங்கள்!